ஒரு ஆள் ஒரு நாளில் எத்தனை டன் கரி வெட்ட முடியும்?

ஒரே ஷிப்டில் 102 டன் நிலக்கரி. 1935 ஆகஸ்ட் 30 இரவு, உக்ரைனின் தோன்பாஸ் பகுதியில் செந்த்ரால்னயா-இர்மினோ என்ற சுரங்கத்தில், அலெக்சேய் ஸ்தகானோவ் என்ற 29 வயதுத் தொழிலாளி 5 மணி 45 நிமிடத்தில் வெட்டியதாகப் பதிவான கணக்கு இது. அன்றைக்கு அங்கே ஒரு ஆளுக்கு வைத்திருந்த டார்கெட் 7 டன். அதாவது 14 மடங்குக்கும் மேல். அந்த வருடம் டிசம்பரில் அமெரிக்காவின் டைம் பத்திரிகை அட்டையில் அவர் படம் வந்தது. சோவியத் நாடு முழுக்க அவர் பெயரில் ஒரு இயக்கமே நடந்தது.

சமீபத்தில் ஒரு அலுவலகப் பயிற்சி வகுப்பில் இந்தக் கதையை, ஸ்தகானோவ் பெயரைக்கூடச் சொல்லாமல், "மனம் வைத்தால் மனிதனால் 14 மடங்கு வேலை செய்ய முடியும்" என்று ஒருவர் எடுத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. கை வைத்து நிலக்கரி வெட்டிய மனிதர்களைப் பற்றிக் கொஞ்ச காலமாகத் தேடித்தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன், அந்த வரலாற்றைத் தெரிந்தவர் யாரும் இந்தக் கதையை இப்படிச் சொல்ல மாட்டார்கள். அதனால் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

5 மணி 45 நிமிடம் என்றால் 345 நிமிடம். 1,02,000 கிலோவை அதால் வகுத்தால் நிமிடத்துக்கு 296 கிலோ வருகிறது. ஷவலால் அள்ளுவதை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பெத்லகேம் இரும்பாலையில் பிரெடெரிக் டெய்லர் இதையே ஒரு ஆராய்ச்சியாகச் செய்தார். ஒரு ஷவலுக்கு சுமார் 21 பவுண்டு, அதாவது ஒன்பதரை கிலோ வந்தால்தான் ஒரு ஆள் நாள் முழுக்க அள்ளியதில் மொத்த எடை அதிகம் வருகிறது, அதற்கு மேலே போனாலும் குறைகிறது, கீழே போனாலும் குறைகிறது என்று கண்டார். தாராளமாக 10 கிலோ என்றே வைப்போம். 296 கிலோவை அள்ள நிமிடத்துக்கு 30 ஷவல். இரண்டு வினாடிக்கு ஒரு தடவை குனிந்து, அள்ளி, திரும்பி, கொட்டி, மறுபடி குனிந்து, இப்படியே ஆறு மணி நேரம், தண்ணீர்கூடக் குடிக்காமல். எந்த உடம்பும் இதைச் செய்யாது. அதுவும் வெட்டுகிற வேலையைக் கணக்கில் சேர்க்காமலே.

அப்படியென்றால் ஸ்தகானோவ் அள்ளவில்லை. அதுதான் உண்மையும்கூட. அந்தச் சுரங்கத்தில் நிலக்கரி அடுக்கு செங்குத்துக்கு நெருக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மேலே பெயர்த்துவிட்டால் கரி தானாகவே கீழே சரிந்து ஓடிவிடும், அதைத் தூக்கிச் சுமக்கிற வேலையைப் புவியீர்ப்பு பார்த்துக்கொண்டது. அவர் கையில் இருந்தது பிக்காசும் இல்லை, அழுத்தக் காற்றில் ஓடும் சுத்தியல். அதற்குக் காற்று தள்ளிய கம்ப்ரஸர் வேறு எங்கோ ஓடிக்கொண்டிருந்தது, கரியை உடைத்த சக்தியில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வந்தது. கரி வெட்டுகிற இடத்தை முகப்பு என்பார்கள். 85 மீட்டர் நீளமுள்ள அந்த முகப்பை வழக்கமாக 8 துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஒருவர் கொஞ்சம் வெட்டுவார், அப்புறம் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு மேற்கூரை விழாமல் மரமுட்டு கொடுப்பார், மறுபடி வெட்டுவார். அன்றிரவு மற்ற எல்லாரையும் விலக்கி மொத்த 85 மீட்டரையும் ஸ்தகானோவுக்கே கொடுத்தார்கள். முட்டுக் கொடுக்க அவர் பின்னாலேயே ஷெகோலேவ், போரிசென்கோ என்று இரண்டு பேர். கட்சிப் பொறுப்பாளர் பெத்ரோவ் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தார்.

ஆக, ஸ்தகானோவ் செய்தது வெட்டுவது மட்டும். அதில் அவர் கெட்டிக்காரர்தான், அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆறு மணி நேரம் அந்தச் சுத்தியலைத் தாங்கிப் பிடித்து, கரியில் எங்கே விரிசல் ஓடுகிறது என்று பார்த்துப் பார்த்து உடைப்பதற்குப் பெரிய உடல் பலமும் கைப்பழக்கமும் வேண்டும். ஆனால் 102-ஐ மூன்று பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 34 டன். கரியைக் கீழே வாரி வண்டியில் ஏற்றியவர்கள், வண்டியை இழுத்தவர்கள், கம்ப்ரஸரைப் பார்த்துக்கொண்டவர்கள், முட்டு மரங்களை முன்கூட்டியே கொண்டுவந்து அடுக்கியவர்கள் எல்லாரையும் சேர்த்தால் இன்னும் எவ்வளவு இறங்கும் என்று யோசித்துப் பாருங்கள். கூடவே இருந்த அந்த இரண்டு பேரின் பெயரைக்கூட முதலில் வெளியான செய்திகள் சொல்லவில்லை. எனக்கு இந்தக் கதையில் ஆறாத விஷயம் இதுதான்.

சரி, இயந்திரம் இல்லாமல், வெறும் உடம்பால் எவ்வளவு முடியும்?

ஆரோக்கியமான ஒரு ஆள் எட்டு மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால், உடம்பிலிருந்து வெளியே வரும் வேலைத் திறன் சுமார் 75 வாட். சில நிமிடங்களுக்கு இதைப்போலப் பல மடங்கு கொடுக்கலாம், நாள் முழுக்கக் கொடுக்க முடியாது. 75 வாட் எட்டு மணி நேரம் என்றால் 0.6 யூனிட். நம் வீட்டுக் கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான்.

இதுவும்கூட நல்ல வெளிச்சத்தில், நிமிர்ந்து நின்று, சௌகரியமாகச் செய்தால் வருகிற கணக்கு. 1952-ல் ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் சுரங்கத் தொழிலாளர்களையும் அதே சுரங்கத்தில் வேலை பார்த்த குமாஸ்தாக்களையும் ஒப்பிட்டு ஒரு அருமையான ஆய்வு நடந்தது. ஒவ்வொருவரும் நிமிடத்துக்கு நிமிடம் என்ன செய்கிறார் என்று குறித்து, விடும் மூச்சை அளந்து, சாப்பிட்டதை எடை போட்டு, ஒரு நாளில் எவ்வளவு சக்தி செலவாகிறது என்று கண்டுபிடித்தார்கள். தொழிலாளிக்குச் சராசரியாக நாளுக்கு 3,660 கிலோகலோரி, குமாஸ்தாவுக்கு 2,800. தூக்கத்திலும் வீட்டு நேரத்திலும் இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே செலவு. வித்தியாசம் முழுக்க வேலை நேரத்தில்தான்: அவருக்கு 1,750, இவருக்கு 890.

இந்த வித்தியாசம் 860 கிலோகலோரி. 860 கிலோகலோரி என்பது சரியாக 1 யூனிட். உடம்பு தான் எரிக்கிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வெளி வேலையாக மாற்றும், மீதியெல்லாம் சூடாகிப் போய்விடும். அதனால் ஒரு ஷிப்டில் அந்தத் தொழிலாளியின் கைகள் கரி மேல் செலுத்திய வேலை ஏறக்குறைய 0.2 யூனிட். மேலே சொன்ன 0.6-ல் மூன்றில் ஒரு பங்கு. இது தோராயக் கணக்குதான், ஆனாலும் திசை சரி. அவர் சோம்பேறி என்பதால் இது குறையவில்லை. முகப்புக்கு நடந்து போகிற நேரம், தாழ்ந்த கூரைக்குக் கீழே உடம்பை மடக்கி வைத்திருப்பதற்கே செலவாகிற சக்தி, வண்டி வரும்வரை காத்திருப்பது, முட்டுக் கொடுப்பது என்று எல்லாம் போக மிஞ்சுவது அவ்வளவுதான்.

இத்தனை கொஞ்ச சக்தியை வைத்துக்கொண்டு டன் கணக்கில் எப்படி வெட்டினார்கள்? நேராகக் கரியோடு மோதவில்லை. பிரிட்டனில் பிக்காசு காலத்து வேலையைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு மிகவும் பிடித்துப்போன பகுதி இது. அடுக்கு இரண்டு மூன்று அடி உயரம்தான் இருக்கும். வெட்டுபவர் ஒருக்களித்துப் படுத்து, தோளைத் தரையில் ஊன்றி, கரி அடுக்கின் அடியில் மட்டும் பிக்காசால் ஒரு குறுகலான பள்ளத்தை உள்நோக்கிக் குடைவார். கை நீளத்துக்கு, சில சமயம் ஒரு மீட்டர்வரைக்கும்கூட. குடையக் குடைய மேலே இருக்கிற கரி ஆதாரம் இல்லாமல் தொங்கும், அது தன் தலையிலேயே விழாமல் இருக்கச் சின்னச்சின்னக் கட்டைகளைச் செருகிக்கொண்டே போவார். பள்ளம் போதும் என்று தோன்றியதும் கட்டைகளை எடுத்துவிட்டு, மேலே ஆப்பு அடிப்பார், இல்லாவிட்டால் வெடிமருந்து வைப்பார். மேலே அழுத்திக்கொண்டிருக்கிற பாறையின் பாரமும் உதவிக்கு வரும், மொத்தக் கரியும் பெரிய பெரிய கட்டிகளாக இறங்கிவிடும். பூமியின் எடையைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளத் தெரிந்தவர்தான் நல்ல வெட்டுக்காரர். அந்த அறிவு எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை, அப்பாவுக்குப் பக்கத்தில் படுத்து வெட்டிப் பழகியதில் வந்தது.

நம்மில் பலருக்கு நிலக்கரிச் சுரங்கம் என்றால் நெய்வேலிதான் மனதில் வரும், வானம் பார்த்த பெரிய குழியும் வீடு உயரத்துக்கு இருக்கிற சக்கர இயந்திரமும். அதனால் இந்தப் படுத்து வெட்டுகிற வேலையைக் கற்பனை செய்வதுகூட நமக்குக் கஷ்டம்.

வெட்டினால் மட்டும் ஆகிவிடுமா, மேலே கொண்டுவர வேண்டாமா. கிழக்கு ஸ்காட்லாந்தில் அதைப் பெண்கள் செய்தார்கள். வெட்டுபவரின் மனைவியும் மகள்களும். ராபர்ட் பால்ட் என்ற சுரங்கப் பொறியாளர் 1808-ல் இதை நேரில் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். கூடையில் கரியை அடுக்கினால் அதை அவள் முதுகில் ஏற்றவே இரண்டு ஆண்கள் வேண்டியிருந்தது. ஒரு சுமை 170 பவுண்டு, சுமார் 77 கிலோ. எரிகிற மெழுகுவர்த்தியைப் பல்லால் கடித்துக்கொண்டு அம்மா முன்னால் போவாள், பெண்பிள்ளைகள் பின்னால் வருவார்கள். சரிவில் ஏறி, அப்புறம் கிட்டத்தட்ட 36 மீட்டர் ஆழக் குழியிலிருந்து படி ஏறி, மேலே கொட்டிவிட்டுத் திரும்ப இறங்குவார்கள். ஒரு நாளில் ஒரு பெண் 4,080 பவுண்டு, அதாவது 1,850 கிலோ. 24 நடை.

அந்த 1,850 கிலோவை 36 மீட்டர் உயர்த்த வேண்டிய வேலையை மட்டும் கணக்குப் பார்த்தேன். ஒரு குதிரைத் திறன் மோட்டார் அதைக் கால் மணி நேரத்தில் முடித்துவிடும். அதற்காக ஒரு பெண்ணின் முழு நாளும், இடுப்பும், முழங்காலும் போயின, ஏனென்றால் அவள் கரியை மட்டும் தூக்கவில்லை, ஒவ்வொரு நடையிலும் தன் உடம்பையும் சேர்த்துத் தூக்கினாள். வீட்டுக்காரர் எவ்வளவு வேகமாக வெட்டினாலும் அந்தக் குடும்பத்தின் ஒரு நாள் உற்பத்தி அவள் சுமக்கிற அளவைத் தாண்டாது. கணக்குப் புத்தகத்தில் டன் அவர் பெயரில்தான் இருந்தது. 1842 சட்டம் வந்த பிறகுதான் பெண்களையும் 10 வயதுக்கு உட்பட்ட பையன்களையும் பிரிட்டனில் நிலத்தடியில் வேலை செய்ய விடாமல் தடுத்தார்கள்.

இவ்வளவு கஷ்டப்பட்டும் எதற்காக வெட்டினார்கள் என்றால், பதில் கரிக்குள்ளேயே இருக்கிறது. ஒரு டன் நல்ல நிலக்கரியை எரித்தால் சுமார் 7,000 யூனிட் வெப்பம். பழைய நீராவி இன்ஜின் அதில் 5 சதவீதத்தைத்தான் உருப்படியான வேலையாக மாற்றியது என்று வைத்துக்கொண்டாலும் 350 யூனிட். நாளுக்கு 0.6 யூனிட் தருகிற ஒரு ஆள் அதைச் செய்து முடிக்க கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஆகும். ஒருவர் நாளுக்கு ஒரு டன் எடுத்தாலே போதும், முதலாளிக்கு அது கொட்டுகிற லாபம். அதனால்தான் வெட்டுகிற வேலையில் இயந்திரம் நுழைய அவ்வளவு காலம் பிடித்தது என்று நினைக்கிறேன். மனிதர்கள் மலிவாகக் கிடைத்தார்கள். பிரிட்டன் தன் வரலாற்றிலேயே அதிகமாகக் கரி எடுத்த வருடம் 1913, 28.7 கோடி டன், சுமார் 11 லட்சம் தொழிலாளர்கள். அந்தக் கரியில் பத்தில் ஒரு பங்குகூட இயந்திரத்தால் வெட்டியது இல்லை. வகுத்தால் ஆளுக்கு வருடத்துக்கு 260 டன், வேலை நாளுக்கு ஒரு டன் அளவில் வருகிறது.

அதே காலத்து அமெரிக்காவில் இதைப்போல மூன்று நான்கு மடங்கு. உடனே "அமெரிக்கத் தொழிலாளி உழைப்பாளி, பிரிட்டிஷ்காரன் சோம்பேறி" என்று பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். அமெரிக்க அடுக்குகள் பல இடங்களில் ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கிற அளவுக்குத் தடிமனாகவும், சமதளமாகவும், மலைச்சரிவிலிருந்து நேராகக் குடைந்து போகிற மாதிரியும் இருந்தன, அடியில் பள்ளம் குடைகிற இயந்திரமும் அங்கே சீக்கிரமே வந்துவிட்டது. பிரிட்டனில் நல்ல அடுக்குகளை நூறு இருநூறு வருடத்துக்கு முன்பே எடுத்துத் தீர்த்துவிட்டு, ஆழமான, மெல்லிய அடுக்குகளைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். ஆழமாகப் போகப் போக நடக்கிற தூரம், முட்டு, நீர் இறைப்பது, காற்றோட்டம் எல்லாம் கூடுகிறது. ஒவ்வொரு டன்னுக்கும் பின்னால் வெட்டாத ஆட்கள் அதிகமாகிறார்கள்.

அமெரிக்கத் தொழிலாளிக்கும் இதில் ஒரு கொடுமை இருந்தது. அவருக்குக் கூலி டன்னுக்கு. முட்டுக் கொடுப்பது, தண்டவாளம் நீட்டுவது, தேங்கிய தண்ணீரை இறைப்பது, கூரையிலிருந்து விழுந்த கல்லை அப்புறப்படுத்துவது இதற்கெல்லாம் பல சுரங்கங்களில் காசே கிடையாது. பாதுகாப்புக்காகச் செலவழித்த ஒவ்வொரு நிமிடமும் அவர் கூலியில் குறைந்தது. காலி வண்டி வராமல் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான்.

ஸ்தகானோவுக்குத் திரும்புகிறேன். சாதனை நடந்த சில நாட்களில் அதே சுரங்கத்தில் இன்னொருவர் 115 டன், செப்டம்பரிலேயே ஸ்தகானோவ் மறுபடியும் 227 டன் என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. 1936-ல் நாடு முழுக்கப் பல தொழில்களில் சாதாரணத் தொழிலாளிகளின் டார்கெட்டை உயர்த்தினார்கள். அவர்களுக்கு 85 மீட்டர் முகப்பு யாரும் ஒதுக்கித் தரவில்லை, முட்டுக் கொடுக்க இரண்டு பேரும் தரவில்லை. இது சரிப்படாது என்று சொன்ன பொறியாளர்கள் நாசவேலைக்காரர்கள் என்று பழிசுமத்தப்பட்டார்கள். கிழக்கு ஜெர்மனியாகப் போகிற பகுதியில் 1948 அக்டோபர் 13 அன்று அடால்ஃப் ஹென்னெக்கே என்ற தொழிலாளி 24.4 கன மீட்டர் கரி வெட்டினார், டார்கெட்டில் 387 சதவீதம். வெட்ட வசதியான இடம் எது என்று முந்தின நாளே பார்த்து வைத்துவிட்டுத்தான் இறங்கினார். சக தொழிலாளர்களில் பலர் அவரை வெறுத்தார்கள். ஏன் என்று அவர்களிடம் கேட்கவே வேண்டாம், அடுத்த மாத டார்கெட்டைச் சுமக்கப்போவது அவர்கள்தானே.

கையால் தோண்டுவதன் எல்லையை நம் காலத்தில் எல்லாரும் பார்த்த ஒரு சம்பவமும் இருக்கிறது. 2023 நவம்பரில் உத்தராகண்டில் சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்து 41 பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்களே, துளையிடும் இயந்திரம் உடைந்துபோனதும், கடைசி 12 மீட்டர் அளவுக்கு எலிவளை முறையில் தோண்டத் தெரிந்த 12 பேர்தான் கையால் குடைந்தார்கள். 80 செ.மீ. அகலக் குழாய்க்குள் ஒருவர் தோண்டுவார், பின்னால் இருப்பவர் வாருவார், அடுத்தவர் தள்ளுவண்டியில் ஏற்றி வெளியே அனுப்புவார். ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் முடித்துவிட்டார்கள். குழாயின் குறுக்குப் பரப்பு அரை சதுர மீட்டர், 12 மீட்டருக்கு 6 கன மீட்டர். பெரிய அளவு இல்லை என்று தோன்றலாம். ஆனால் அந்தக் குழாய்க்குள் ஒரே நேரத்தில் ஒருவரால்தான் தோண்ட முடியும், நடுவில் இரும்புக் கம்பிகள் வேறு. இடம் விதித்த எல்லையை, ஆள் மாற்றி ஆள் தோண்டி, முழுவதும் பயன்படுத்திக்கொண்டார்கள். இந்த வேலையில் உழைப்பைப் பங்குபோடுவது என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், 12 பேரையும் நாடு சேர்த்தே பாராட்டியது.

அந்த எலிவளை முறை வந்த இடம் மேகாலயாவின் ஜெயந்தியா மலை. அங்கே கரி அடுக்கு மெல்லியது, ஒரு மீட்டர்கூட வராத வளைகளில் தவழ்ந்து போய், குந்தியோ படுத்தோ வெட்டி, சின்ன வண்டியில் இழுத்து வருகிறார்கள். 2014-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது, அதற்குப் பிறகும் நடக்கிறது. 2018 டிசம்பர் 13 அன்று க்ஸான் என்ற இடத்தில் வளைக்குள் வெள்ளம் புகுந்து 15 பேர் மாட்டிக்கொண்டார்கள், ஒருவரையும் உயிரோடு மீட்க முடியவில்லை. 2025 ஜனவரியில் பக்கத்து அசாமின் உம்ராங்சோவில் மறுபடியும் அதேபோல வெள்ளம்.

மெல்லிய அடுக்கில், பிக்காசை வைத்துக்கொண்டு, தவழ்ந்தபடி ஒரு மனிதன் எடுக்கிற கரி எப்படி விலைக்குக் கட்டுப்படியாகிறது? ஃபைஃபில் அளந்த உடம்பைவிட ஜெயந்தியா மலையின் உடம்பு பெரிது இல்லை, அங்கேயும் அதே 0.2 யூனிட்டோ அதற்கும் குறைவோதான். முட்டு இல்லை, காற்றோட்டம் இல்லை, பக்கத்தில் இருக்கிற பழைய தண்ணீர் தேங்கிய வளை எங்கே முடிகிறது என்று காட்டுகிற வரைபடம் இல்லை, தப்பிக்க இரண்டாவது வழி இல்லை. டன்னுக்குப் பின்னால் இருக்க வேண்டிய அத்தனை ஆட்களையும் வேலையையும் வெட்டி எறிந்துவிட்டார்கள், அதனால்தான் வெட்டுபவரின் பெயரில் எழுதுகிற டன் லாபமாகத் தெரிகிறது.